துரும்புத் திருடன்

"வீட்டுல ஒரு துரும்பையாவது கிள்ளிப் போட்டிருக்கீங்களா?" என்று முப்பது வருஷமாக என் மனைவி கேட்டுவந்த கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. தினமும் காலையில், காபிக்கு முன்னால், கிள்ளிப் போடுகிறேன். ஹாலில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்களின் வெண்கல நிற வலையில் ஒட்டியிருக்கும் தூசி, பஞ்சு, கொசு இறக்கை, எப்போதாவது ஒரு நரைமுடி எல்லாவற்றையும் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, வராததை விரலால் கிள்ளி எடுக்கிறேன். மறுநாள் அதே அளவு வந்திருக்கும். மேஜைமேல் படிகிற தூசி தானாக வந்து விழுவது. இது வரவழைக்கப்பட்ட தூசி.

ஒலிபெருக்கி என்று பெயர் வைத்தவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். வாங்கியதிலிருந்து நான்தான் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் காந்தம் கிடையாது, காயில் கிடையாது, காகிதக் கூம்பு கிடையாது, பெட்டிகூடக் கிடையாது. ஓட்டை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றை விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கும். படலத்தின் மேல் எந்நேரமும் சில ஆயிரம் வோல்ட். பாட்டு தகடுகளுக்குப் போகிறது. ஒரு தகடு படலத்தை இழுக்க, மற்றது தள்ள, படலம் மொத்தமாக முன்னும் பின்னும் அசைகிறது. அவ்வளவுதான் இயந்திரம். 12 மைக்ரான் கனமுள்ள பாலியெஸ்டர் படலம் ஒரு சதுர மீட்டர் எடுத்தால் 17 கிராம் தேறும். அதன் முன்னால் இருக்கும் காற்றில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டி எடுக்க முடிந்தால் அதுவும் ஏறத்தாழ அந்த எடைதான். காற்றை அசைக்கக் காற்றைப் போன்ற ஒன்றையே பிடித்துக் கட்டிவிட்டார்கள்.

என்னிடம் இருப்பது இங்கிலாந்தில் ஹன்டிங்டன் ஊரில் செய்த குவாட். பீட்டர் வாக்கர் என்பவர் வடிவமைத்து 1957இல் விற்பனைக்கு வந்தது. 1985 வரை பெரிய மாறுதல் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். வாக்கர் புல்லாங்குழல் வாசித்த எஞ்சினியர். அவசரம் அவர் ஜாதகத்திலேயே இல்லை. அடுத்த மாடலை 1963இல் யோசிக்கத் தொடங்கினார், அதனால் அதற்கு 63 என்று பெயர். கடைக்கு வந்தது 1981இல். பிறந்த வருஷத்தையே பெயராக வைத்துக்கொண்டு பதினெட்டு வயதில் வெளியே வந்த ஸ்பீக்கர்.

கோட்டூர்புரத்தில் ஒரு பெரியவர் எழுபதுகளில் லண்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஜோடி இது. பிள்ளையோடு அமெரிக்கா போகப்போவதால் விற்றார். மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம், குட்டையான மூன்று கால்கள், லேசாகப் பின்னால் சாய்ந்த நிலை. இங்கிலாந்தில் இதை ரூம் ஹீட்டர் என்று நினைப்பார்களாம். சென்னையில் யார் ஹீட்டரைக் கண்டார்கள்? வந்தவர்கள் எல்லோரும் "புது ஏர் கூலரா?" என்று கேட்டுவிட்டு அதன் முன்னால் போய் நிற்கிறார்கள். காற்று வராததால் பிளக்கைப் பார்க்கிறார்கள்.

பிளக் உண்டு. சாதாரண ஸ்பீக்கருக்குத் தேவையில்லாத ஒன்று. 230 வோல்ட்டை வாங்கி உள்ளே ஏணி வைத்து ஏற்றி, நடு பேனலுக்கு 1,500, இரண்டு பக்க பேனல்களுக்கு 6,000 வோல்ட் என்று கொடுக்கிறது. பெரியவர் ஒரு பள்ளி வாத்தியாரைப் போல எனக்குப் பாடம் எடுத்தார். சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வை, இதற்கு முதுகிலும் வாய் உண்டு. பிளக் போட்டதும் பாட்டுப் போடாதே, சார்ஜ் ஏறட்டும். சுவிட்சை அணைத்தாலும் உள்ளே கை வைக்காதே, அது மறக்க நேரமாகும். பெரிய ஆம்ப்ளிஃபயர் மாட்டாதே, 15 வாட் போதும். கடைசியாக, "தனியா உட்கார்ந்து கேக்கற பழக்கம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்பச் சரி. இது ஒரு ஆளுக்குத்தான் பாடும்."

உண்மைதான். இரண்டுக்கும் நேர் நடுவே, ஒரே ஒரு நாற்காலியில் வீணை கண்ணெதிரே வந்து உட்காருகிறது. மீட்டுகிற விரலின் நகம் தெரிகிறது. அரை அடி நகர்ந்தால் வீணை ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். பக்கவாட்டில் போனால் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிட, பக்கத்து வீட்டு ரேடியோபோல் ஆகிவிடும். அந்த நாற்காலி என்னுடையது. இதில் விவாதத்துக்கு இடமில்லை என்று அப்போது நினைத்தேன்.

முதல் ஐப்பசியில் இடது ஸ்பீக்கர் முனக ஆரம்பித்தது. பாடகர் நாள்தோறும் ஓரங்குலம் வலது பக்கம் நகர்ந்தார். தீபாவளிக்குள் ஜன்னலோரம் போய்விட்டார். எனக்குக் கிடைத்த வைத்தியர், சவூதியில் பதினெட்டு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்த பாய். ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவர்கள் ஆறாயிரம் வோல்ட் என்றதும் போனை வைத்துவிட்டார்கள். பாய் ஒருவர்தான் "வரேன் சார்" என்றார். வந்ததும் ஹால் விளக்கை அணைக்கச் சொல்லி, தொழுகைக்கு உட்காருவதுபோல் ஸ்பீக்கர் முன்னால் மண்டியிட்டு வலைக்குள் பார்த்தார். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன். எங்கேயாவது நீலப் பொறி தெரிகிறதா என்று தேடினோம். பொறி இல்லை. 'ஸ்ஸ்' என்று மிக மெலிதாக ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

"ஈரம் சார். கடல் காத்து. சார்ஜ் நிக்க மாட்டேங்குது, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதை." ஏ.சி.யை ட்ரை மோடில் ஒரு நாள் முழுக்க ஓடவிடச் சொன்னார். பாடகர் ஜன்னலிலிருந்து நடுக்கூடத்துக்குத் திரும்பி வந்தார். அதிலிருந்து மழைக்காலத்தில் என் வீட்டில் மனிதர்களைவிட ஸ்பீக்கருக்குத்தான் ஏ.சி. அதிகம். பிளக்கைப் பிடுங்கி வைத்தால் ஈரம் ஏறுகிறது, போட்டே வைத்தால் தூசி ஏறுகிறது. மழை மாதங்களில் போட்டு வைப்பது, பங்குனி சித்திரையில் கேட்டு முடித்ததும் பிடுங்குவது என்று நானாக ஒரு பஞ்சாங்கம் வைத்திருக்கிறேன்.

டீ குடிக்கும்போது பாய் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "அங்க கரண்டுக்குக் கஹ்ரபாம்பாங்க சார். என்னைக் கஹ்ரபாயின்னுதான் கூப்பிடுவாங்க." அகராதியைப் பார்த்தேன். அரபிக்குப் பாரசீகத்திலிருந்து வந்த சொல். காஹ் என்றால் வைக்கோல், ருபா என்றால் பறிப்பது. வைக்கோல் பறிப்பவன், துரும்புத் திருடன். அம்பர் என்கிற மரப்பிசின் கல்லைத் துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும் அல்லவா, அந்தக் கல்லுக்கு வைத்த பெயர், பிறகு மின்சாரத்துக்கே ஆகிவிட்டது. எலக்ட்ரிசிட்டிக்குள் இருப்பதும் அதே கல்லின் கிரேக்கப் பெயர்தான். கிரேக்கச் சொல்லில் எனக்குக் கல் மட்டும்தான் தெரிகிறது. பாரசீகத்தில் அதன் திருட்டுக் கையும் தெரிகிறது. நாமோ மின்னலைப் பார்த்து மின்சாரம் என்றோம். நம் சுபாவம் அது. வானம் வெடித்தால்தான் நிமிர்ந்து பார்ப்போம். கோயில் கொடைக்குத் தென்னை மரத்தில் நான்கு குழாய் கட்டினால்தான் நமக்குப் பாட்டு.

ஆனால் என் அப்பத்தா துரும்பைத்தான் பார்த்தாள்.

கொடைக்கானல் டவர் வந்த புதிதில் எங்கள் ஊருக்கு டி.வி. வந்தது. மரப்பெட்டி, இழுத்து மூடும் மரக்கதவு, நான்கு கால். வெள்ளிக்கிழமை சாயந்திரங்களில் அப்பத்தா அதன் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து விளக்குத் திரி திரிப்பாள். பருத்திப் பஞ்சைக் கொட்டை நீக்கி, விரலால் பிய்த்துப் பிய்த்துப் பூவாக்கி, விபூதி தொட்டுத் தொடைமேல் வைத்து ஒரு உருட்டு. திரி ஒரு பக்கம் குவியும். பஞ்சின் பொடி காற்றில் மிதந்து, அவசரமே இல்லாமல், டி.வி. கண்ணாடியை நோக்கிப் போகும். செய்தி நேரத்தில் ஷோபனா ரவி டெல்லியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் கன்னத்தில் ஒரு பஞ்சுப் பொட்டு வந்து உட்காரும். பிறகு புருவத்தில் ஒன்று. வானிலை வருவதற்குள் நாட்டில் பாதி பஞ்சு.

"இந்தப் புள்ள பஞ்சை இழுக்குதுடா" என்பாள் அப்பத்தா. வேண்டுமென்றே ஒரு இணுக்கைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக் கண்ணாடிக்கு எதிரே நீட்டுவாள். பஞ்சு எழுந்து நிற்கும். ஒரு கணம் இரண்டு காலில் நிற்கிற அணில்போல் யோசிக்கும். பிறகு தாவும். ஒவ்வொரு முறையும் அவள் சிரிப்பாள். நான் சினிமாப் பாட்டுக்குக் காத்திருப்பேன். அவள் பஞ்சுக்காக டி.வி. பார்த்தாள். செய்தி முடிந்து பெட்டியை அணைத்ததும் என்னைக் கூப்பிட்டு முழங்கையைக் கண்ணாடியோரம் காட்டச் சொல்வாள். கண்ணாடி 'சடசட' என்று மெல்லப் பேசும், கைமயிர் எல்லாம் குத்திட்டு நிற்கும். அப்பாவின் பழைய வேட்டித் துண்டால் பஞ்சையெல்லாம் வழித்தெடுத்து, அதையும் வீணாக்காமல் இன்னொரு திரி திரித்துவிடுவாள். ஷோபனா ரவி முகத்திலிருந்து எடுத்த திரி எங்கள் பிள்ளையார் முன்னால் எரிந்தது.

ஆயிரக்கணக்கான வோல்ட்டை எதிரே வைத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்ததைத்தான் நான் இப்போது பெயின்ட் பிரஷ்ஷோடு செய்துகொண்டிருக்கிறேன். திரி திரிக்கத்தான் தெரியவில்லை.

அடுத்த விபத்து என் கர்வத்தால் வந்தது. பெரியவர் சொன்னதை மீறி 100 வாட் ஆம்ப்ளிஃபயர் மாட்டினேன். இந்த ஸ்பீக்கர் தாங்குவது 33 வோல்ட் உச்சம், அதற்கு மேல் போனால் படலத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மின்னல் விழும். மச்சினர் பையன் நான் குளிக்கப் போன நேரத்தில் ஒரு குத்துப் பாட்டைப் போட்டான். 'சட், சட்' என்று இரண்டு. ஈரத் துண்டோடு ஓடி வந்தேன். இடி இடித்த பிறகு மொட்டை மாடியில் வரும் வாசனை ஹாலில் இருந்தது. நடு பேனலில் ஊசித் துளை. "பாட்டு நல்லாத்தான் மாமா இருந்துச்சு" என்றான்.

பேனல் ஜெர்மனியிலிருந்து வர வேண்டியிருந்தது. இந்தப் பழைய ஸ்பீக்கருக்கு இன்றும் புதிதாகச் செய்து கொடுக்கிற ஒரு நிறுவனம் அங்கே இருக்கிறது. வந்ததும் பாய் முதல் நாள் இரவே பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, மறுநாள் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு கையாலேயே கழற்றினார். கரண்ட் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் நடுவில் நெஞ்சு இருக்கிறது என்பது அவர் கணக்கு. பேனல்களுக்கு இருபுறமும் தூசி புகாமல் ஒரு மெல்லிய உறை உண்டு, அதுவும் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. உறைக்கான புதுப் படலத்தைச் சட்டத்தில் ஒட்டியபோது தாவணிபோல் தொளதொளவென்று சுருங்கிக் கிடந்தது. பாய் ஹீட் கன்னை எடுத்து ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிக் காட்டினார். சுருக்கங்கள் பயந்து ஓடுவதுபோல் நடுவுக்கு ஓடி மறைந்தன. விரலால் சுண்டினார், 'டம்' என்றது. ஊரில் பறையை வைக்கோல் தீயில் காட்டிக் காய்ச்சிச் சுண்டிப் பார்ப்பார்களே, அதே கை, அதே காது.

இப்போது 15 வாட்தான். நாகஸ்வரமும் தவிலும் இதில் கேட்பதில்லை. அவற்றைத் தெருவில் கேட்பதுதான் மரியாதை. தம்புரா, எம்.டி. ராமநாதனின் அவசரமில்லாத குரல், வீணை, மிருதங்கம். மைக் வைத்த கச்சேரிகளில் வாசிக்க மாட்டேன் என்று ஒதுங்கியிருந்த பாலக்காடு மணி ஐயரை ஸ்பீக்கர் வழியாகக் கேட்பதில் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. இந்த ஸ்பீக்கரென்றால் மன்னிப்பார் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டுவிட்டேன்.

போன வாரம் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பியபோது என் நாற்காலியில் மனைவி. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே ரெக்கார்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தனி ஆவர்த்தனம்.

"என்னங்க, இதுல தூசி சிக்கியிருக்கு. அடிக்கு அடி பின்னாலயே 'சுர்'ருன்னு ஒண்ணு வருது பாருங்க."

முப்பது வருஷத்தில் அவள் மிருதங்கத்தைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம். நான் பக்கவாட்டில், ஒன்றும் கேட்காத இடத்தில் நின்றுகொண்டு விளக்கினேன். அது தூசி இல்லை, குச்சி. குச்சி மிருதங்கத்தில் வலந்தலைத் தோல்களுக்கு நடுவே சின்னச் சின்னக் குச்சித் துணுக்குகளைச் சுற்றிலும் செருகி வைப்பார்கள், அந்தக் கார்வை அதனால்தான். கப்பி மிருதங்கத்தில் அதற்குப் பதில் கல்பொடி. தம்புராவில் தந்திக்கு அடியில் ஒரு நூல்.

"அங்கேயும் துரும்புதானா" என்றாள், வெண்டைக்காய்க் காம்பைத் தட்டில் ஒதுக்கியபடி.

அந்தப் பக்கம் முடிந்தது. ரெக்கார்டைத் திருப்பிப் போட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை.