நாலு வயசுப் பிள்ளைக்குக் காத்திருக்கிறோம்

எனக்கு 48, என் மனைவிக்கு 44. ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கப் போகிறோம். "இந்த வயசுல குழந்தையா?" என்று எங்கள் ஊர் காலாப்பட்டில் கேட்காத சொந்தம் பாக்கியில்லை.

நான் நினைத்துக்கொள்வது நாகப்பட்டினத்து பரமேஸ்வரன், சூடாமணி தம்பதியை. 2004 சுனாமியில் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்கள், பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். அந்தத் துணிச்சலில் கால்வாசி போதும் எங்களுக்கு.

2022 தத்தெடுப்பு விதிப்படி, தம்பதியின் கூட்டு வயது 90-ஐத் தாண்டினால் நாலு வயதுக்குட்பட்ட குழந்தை கிடையாது. எங்களுடையது 92. நியாயமான விதிதான், பிள்ளை கல்லூரி முடிக்கும்போது நமக்கும் தெம்பு இருக்க வேண்டுமே.

ஆதார், பான், மருத்துவச் சான்று எல்லாம் ரெக்சின் பையில் தயார். இந்த வாரம் பதிவு செய்கிறோம். வளர்ந்த பிள்ளையைத் தத்தெடுத்தவர்கள் இருந்தால், முதல் சில மாதங்கள் எப்படிப் போயின என்று எழுதுங்கள்.