காலிக் கோட்டைக்கு உம்மம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள்

பாடசாலை விடுமுறையில் காலிப் பக்கம் போகும் குடும்பங்கள் அநேகம். வாகனத்தில் பிள்ளைகள் ஏறுவார்கள். சாப்பாட்டுப் பார்சல்களும் ஏறும். உம்மம்மா மட்டும் வீட்டுக் காவலுக்கு நின்றுவிடுவார். "எனக்கு நடக்க ஏலாது மகள், நீங்க போயிட்டு வாங்க" என்பார். சகோதரிகளே, அடுத்த முறை அந்தப் பேச்சுக்கு இணங்கிவிடாதீர்கள்.

போர்த்துக்கீசர் 1588இல் அரண் அமைத்த இடம் காலி. 1640இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர்தாம் இன்று நாம் காணும் பெருமதில்களை எழுப்பினர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை காலி நகரைச் சூறையாடியபோதும் இம்மதில்கள் கோட்டையின் உட்புறத்தைக் காத்து நின்றன. 1988இல் இது உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் இது வெறும் கற்கோட்டையல்ல. தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள் குடியிருந்து வரும் ஊர். வெளிச்சவீட்டுக்கு எதிரே, தேவாலயம் போன்ற தோற்றத்துடன் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் நிற்கிறது. 1892இல் தோன்றிய பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அறபுக் கல்லூரியும் இங்கேதான். இன்று பல பழைய வீடுகள் கைமாறி ஹோட்டல்களாகிவிட்டன. சுவர்கள் பாதுகாக்கப்படுகின்றன, அவற்றுக்குள் வாழ்ந்த வாழ்க்கையோ முதியோரின் நினைவில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

1656இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் கட்டடமொன்றில், 1986இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். அங்கே பீரளு ரேந்தை வைக்கப்பட்டிருக்கிறது. மெத்தை மேல் கோலத்தாளைப் பொருத்தி, ஊசிகள் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் கலை அது. கண்ணாடிக்குள் ரேந்தையைக் காணலாம். பின்னும் கைப்பழக்கத்தைக் காண முடியாது. அது வீடுகளில் இருக்கிறது.

உங்கள் உம்மம்மா ரேந்தை பின்னாதவராயிருக்கலாம். பன்பாய் இழைத்திருப்பார், இல்லையேல் அறபுத் தமிழ்க் கிதாபுகளைச் சரளமாக வாசித்திருப்பார். ஒரு பழம்பொருளைக் கண்டதும் மற்றொன்று நினைவில் எழும். பிரித்தானியாவின் லிவர்பூல் நூதனசாலைகள் இந்த உண்மையை வைத்தே 2012 முதல், ஞாபகமறதி நோயுள்ள முதியோரைப் பராமரிப்பவர்களுக்குப் பயிற்சியளித்து வருகின்றன.

சில யோசனைகள்: வெயில் ஏறுமுன் செல்லுங்கள், அல்லது அஸருக்குப் பின் செல்லுங்கள். மதில் மேல் ஏறத்தான் வேண்டுமென்பதில்லை. உள்வீதிகளில் மெதுவாக நடந்தாலே போதும். இடையிடையே உட்கார வையுங்கள். "ஞாபகம் இருக்கா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "இதை எப்படிச் செய்வீங்க?" என்று கேளுங்கள். பேத்தியின் கையில் ஒரு கொப்பியைக் கொடுத்து, அவர் சொல்வதை எழுதச் சொல்லுங்கள்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நம் நாட்டில் 100 பேரில் 12 பேர் 60 வயதை எட்டியவர்கள். இத்தொகை பெருகியே வருகிறது. இவர்களுக்கு மருந்தும் சோறும் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்க ஒருவர் பக்கத்தில் இருக்கவும் வேண்டும். கோட்டை நாளையும் இருக்கும். அவர்களை இன்றே அழைத்துச் செல்லுங்கள்.