தானுகந்த திருமேனி

சென்னையிலிருந்து பெங்களூர் ரஸ்தாவில் மேற்கே 40 கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். இந்த வழியாகப் பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஒரு யோசனை: கடைகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். தமிழ் இருக்கும், இங்கிலீஷ் இருக்கும், ஹிந்தியும் இருக்கும். நடுநடுவே வட்டமும் கோடுமாகக் கொரிய எழுத்துக்கூடத் தலை காட்டும்!

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பமாயிற்று. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் வந்தன. ஏரியும் வயலுமாக இருந்த பிரதேசம் இன்று இரவு பகல் தூங்குவதில்லை. ஷிப்டு விடுகிற நேரத்தில் ஒரகடம் சந்திப்பில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள் கலகலவென்று பேசிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். ஒரிஸ்ஸாக்காரர், பீகார்க்காரர், அஸ்ஸாம்காரர் எல்லாரும் டீக்கடையைச் சூழ்ந்து நிற்பார்கள். சற்றுத் தள்ளி, இந்த மண்ணின் பூர்வ குடிகளான இருளர்கள் விறகுச் சுமையோடு போவார்கள்.

இத்தனை ஜனங்களும் கூடி வாழும் சீமையில், ஊரின் ஞாபகத்தை யார் காப்பாற்றி வைக்கிறார்கள்? லைப்ரரி அலமாரியிலும் மியூஸியத்துக் கண்ணாடிப் பெட்டியிலும் இவர்களில் யார் யாருக்கு இடம்? இந்தக் கேள்வியோடுதான் புறப்பட்டேன். விடையில் பாதி கோயிலிலேயே கிடைத்துவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலை அறியாதவர் யார்? 1017-ல் ராமாநுஜர் அவதரித்த ஊர் அல்லவா! இங்கே அவருடைய விக்கிரகத்துக்கு ஒரு தனிப் பெயர் உண்டு: ‘தானுகந்த திருமேனி.’ ராமாநுஜர் ஜீவித்திருந்த காலத்திலேயே சீடர்கள் வடித்த உருவம் இது என்பது ஐதிகம். அதை அவர் கண்ணால் பார்த்து, மகிழ்ந்து, மார்போடு அணைத்துக் கொடுத்தாராம். அதாவது, யாருடைய உருவமோ அவரே பார்த்து ‘சரி’ என்று ஒப்புக்கொண்ட உருவம். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! ஒருவரைச் சிலையாக வைப்பதற்கு முன் அவரையே ஒரு வார்த்தை கேட்பது!

கேட்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சரித்திரம் இருக்கிறது. அதற்குச் சென்னை எழும்பூர் வரை திரும்பிப் போகவேண்டும்.

சென்னை அரசாங்க மியூஸியம் 1851-ல் உண்டானது. 1885-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் எட்கார் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். மண்டையை அளக்கவும் மூக்கை அளக்கவும் கருவிகளை எடுத்துக்கொண்டு அவர் தென்னாடு முழுவதும் சுற்றினார். மூக்கின் அகலத்துக்கும் ஜாதியின் உயர்வு தாழ்வுக்கும் சம்பந்தம் உண்டு என்று அந்தக் காலத்து மேதாவிகள் நம்பினார்கள்! இன்றைய விஞ்ஞானம் அந்தக் கணக்கைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டது. ஆனால் 1909-ல் தர்ஸ்டன், ரங்காச்சாரி என்ற உதவியாளரோடு சேர்ந்து வெளியிட்ட ஏழு பெரிய புத்தகங்கள் லைப்ரரிகளில் இன்னும் இருக்கின்றன.

அளக்கப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள்? தர்ஸ்டனே வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். வயநாட்டுப் பணியப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார்களாம். தங்களில் லட்சணமானவர்களைப் பிடித்துப் பஞ்சு அடைத்து மியூஸியத்தில் நிறுத்திவிடுவார் என்று பயம்! நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்கு மரம் என்று எண்ணி, அளக்க விடவே மறுத்துவிட்டாராம். துரைக்கு அது சிரிப்பாக இருந்தது. எனக்கென்னவோ அந்தப் பெண்கள் விஷயத்தைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்று தோன்றுகிறது. உயிருள்ள மனிதரை ‘மாதிரிப் பொருள்’ ஆக்குவதற்குப் பஞ்சு அடைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லையே!

மேலே சொன்னவர் மலை இருளர். செங்கற்பட்டு, காஞ்சீபுரம் பக்கத்துச் சமவெளி இருளர்களோ பாம்பும் எலியும் பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோகவே, 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வடநெம்மேலியில் அவர்கள் பாம்பிலிருந்து எடுத்துத் தரும் விஷம்தான், மருந்தாக மாறி நாடெங்கும் பாம்புக்கடிக்கு ஆளானவர்களைப் பிழைக்க வைக்கிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களை 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைத்துப் போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஏரிக்கரையில் ஓர் இருளர் பெரியவரைச் சந்தித்தேன். “உங்கள் ஜனங்களுக்கு இங்கே ஒரு மியூஸியம் வைத்தால் அதில் என்ன வைக்கலாம், பெரியவரே?” என்று கேட்டேன்.

“பாம்பும் எலியும்தான் வைப்பீங்க” என்று சிரித்தார். சற்றுப் பொறுத்து, “எங்க ஆத்தாவுக்கு இந்தக் கரையிலே ஒவ்வொரு பச்சிலைக்கும் பேரு தெரியுங்க ஐயா. அதையும் வையுங்க. மாசி மகத்துக்குக் கன்னியம்மாவைக் கும்பிட நாங்க மகாபலிபுரம் கடற்கரைக்குப் போறோமே, அதையும் வையுங்க. எழுதறதுக்கு முன்னே எங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க” என்றார்.

தானுகந்த திருமேனியின் தத்துவத்தை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

சரி, லைப்ரரி விஷயம் என்ன? அந்தப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்துக்குப் போனேன். தொழிற்சாலைச் சட்டையோடு ஓர் ஒரிஸ்ஸாப் பையன் வந்தான். “அக்கா, ஒடியா புக் இருக்கா?” என்று நூலகர் அம்மாளைக் கேட்டான். “இல்லேப்பா, தமிழும் இங்கிலீஷும்தான்” என்றார் அவர், பரிவோடுதான். பையன் ஒரு வாரப் பத்திரிகையை எடுத்துப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

அமெரிக்காவில் மிஸிஸிப்பி ராஜ்யத்து ஜாக்ஸன் நகரில், 1961-ல் ஒன்பது நீக்ரோ மாணவர்கள் வெள்ளையருக்கான லைப்ரரியில் உட்கார்ந்து படித்ததற்காகக் கைது செய்யப்பட்டார்கள். நம் ஊரில் அப்படி இல்லை. கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் உள்ளே வந்தவனுக்கு உரிய புத்தகம் இல்லாவிட்டால், திறந்த கதவினால் அவனுக்கு என்ன லாபம்? வாசகர் ஒவ்வொருவருக்கும் அவரவர் புத்தகம் கிடைக்கவேண்டும் என்று 1931-லேயே விதி வகுத்தவர் நம் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன். அவர் முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி என்பது இன்றைய கணக்கு. வீட்டுக்காரர் கட்டும் அந்த வரி, வாடகையோடு சேர்ந்து பையனின் சட்டைப் பையிலிருந்தும்தான் போகிறது. ஒடியாவில் நாலு புத்தகம் வாங்கி வைப்பது தர்மம் அல்ல, அவன் பங்கு.

மியூஸியத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனில் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்று ஒரு பேட்டை. பல நிறத்தவரும் கலந்து வாழ்ந்த இடம். 1966-ல் அரசாங்கம் அதை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, மற்றவர்களை வெளியேற்றி, வீடுகளை இடித்தது. 1994-ல் அங்கே ஒரு பழைய மாதாகோயிலில் மியூஸியம் திறந்தார்கள். தரை முழுவதும் பேட்டையின் வரைபடம். விரட்டப்பட்டவர்கள் வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் கையாலேயே பெயரை எழுதினார்கள்.

அப்படி ஒரு வரைபடத்தை ஒரகடத்தில் விரித்தால் எப்படி இருக்கும்? விவசாயி குனிந்து, ‘இங்கே என் நிலம் இருந்தது’ என்று எழுதுவார். இருளர் கிழவி பச்சிலை பறித்த கரையைக் காட்டுவாள். 2006-ல் தொடங்கி 2014-ல் மூடப்பட்ட நோக்கியா தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண், தான் நின்ற இடத்தைக் குறிப்பாள். கொரியாக்காரர் தம் எழுத்தில் எழுதுவார். ஒரிஸ்ஸாப் பையன், எட்டுப் பேரோடு படுத்துறங்கும் அறையைத் தேடிக் கண்டுபிடித்து, ஒடியாவில் தன் பெயரைப் போடுவான்.

பெரிய கட்டடம் வேண்டாம். கோடி ரூபாய் வேண்டாம். ஒரு கூடம், ஒரு வரைபடம், கொஞ்சம் சாக்கட்டி போதும். அத்துடன், கேட்டு எழுதுகிற மனசும் வேண்டும்.