பாதாளத்தில் அட்டெண்டன்ஸ்!

குகை என்றால் மலையில்தான் இருக்கும் என்று நினைப்பவரா நீங்கள்? பெலும் போனால் ஏமாந்து போவீர்கள். மலையும் கிடையாது, கிலையும் கிடையாது. கட்டாந்தரை. மண்டையைப் பிளக்கும் வெயில். நடுவில் பாழுங்கிணறு மாதிரி மூன்று பள்ளங்கள். அதில் ஒன்றில் படி கட்டி வைத்திருக்கிறார்கள். இறங்க வேண்டியதுதான்!

ஆந்திராவில், நந்தியால் மாவட்டத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து மும்பை மார்க்க ரயிலில் ஏறி தாடிபத்ரியில் இறங்கினால், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். இரண்டு நாள் கேஷுவல் லீவ் போதும்.

நாங்கள் நாலு பேர். நான், மனைவி, ஐந்தாவது படிக்கும் பையன், எழுபத்து மூன்று வயது அப்பா. அம்மா போய் ஒரு வருஷம் ஆகியும் அப்பா ஈஸிசேரை விட்டு நகரவில்லை. பேப்பர்கூடப் பிரிப்பதில்லை. "நீ வரலேன்னா நானும் வரலே தாத்தா" என்று பையன் அடம் பிடித்ததால்தான் கிளம்பினார்.

"படி எத்தனைடா?" என்று மட்டும் கேட்டார்.

"கொஞ்சம்தாம்ப்பா" என்றேன். பதினைந்து வருஷ ஆபீஸ் அனுபவம் ஸார்... எண்ணிக்கை சொல்லாமல் பதில் சொல்வது கைவந்த கலை.

உள்ளே ஜில்லென்று இருக்கும் என்று மனைவி ஸ்வெட்டர் வேறு கொண்டு வந்திருந்தாள். பாவம்! இட்லிக் கொப்பரைக்குள் புகுந்த மாதிரி இருந்தது. குழாய் வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறார்கள். அப்படியும் பத்தே நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மொத்த நீளம் 3,229 மீட்டர். அதில் பாதி போலத்தான் நம்மை விடுகிறார்கள். அதுவே தாராளம். எல்லாம் சுண்ணாம்புப் பாறை. மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. கிட்டத்தட்ட சோடா மாதிரி. அந்த சோடா லட்சக்கணக்கான வருஷம் பாறையை அரித்து அரித்து வழி பண்ணியிருக்கிறது. சில இடங்களில் கல்யாண மண்டபம் போல விசாலம். சில இடங்களில் என்னைப் போல் தொப்பை உள்ளவர்கள் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

சிங்கமுகம் போல ஒரு வாசல், சிம்மத்வாரம். லிங்கங்களாகத் தொங்கும் கோடிலிங்காலு. கடைசியில் பாதாள கங்கை. தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர் ஆழத்தில் ஒரு சின்ன ஓடை, எங்கே போகிறது என்று காட்டாமல் பாறைக்குள் போய்விடுகிறது.

"மாமா, நீங்க இங்கேயே உட்காருங்களேன்" என்றாள் மனைவி. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பதிலே சொல்லாமல், பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

கீழே சேர்ந்த நேரம் பார்த்து, பட்டென்று கரண்ட் போயிற்று!

இருட்டு என்றால் நம் வீட்டு இருட்டு இல்லை. கையை முகத்துக்கு நேரே ஆட்டினாலும் தெரியாத இருட்டு. பையன் அழ ஆரம்பித்தான். எங்களோடு இறங்கியிருந்த தெலுங்குக் குடும்பத்தில் யாரோ அலறினார்கள். செல்போனில் டார்ச் இருப்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"யாரும் நகரக் கூடாது!"

அப்பாவின் குரல். முப்பது வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்த குரல். "ஒவ்வொருத்தரா பேர் சொல்லுங்க."

பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான். அப்புறம் நான், மனைவி. பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது போலிருக்கிறது, அந்தக் குடும்பமும் வரிசையாகப் பெயர் சொன்னது. "பதினொண்ணு. எல்லாரும் இருக்கோம்" என்றார். விளக்கு வந்தபோது பையனின் சட்டைக் காலர் அவர் பிடியில் இருந்தது.

மேலே ஏற நெடுநேரம் ஆயிற்று. பத்துப் படிக்கு ஒரு தரம் நின்றார். நிற்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லி வைக்க வேண்டுமே... இந்தக் குகையை 1884-ல் உலகுக்குச் சொன்ன ராபர்ட் புரூஸ் ஃபுட் கதையைச் சொன்னேன். 1982-84-ல் ஜெர்மானியர்கள் வந்து அளந்தது, 2002-ல் பொதுமக்களுக்குத் திறந்தது எல்லாம் சொன்னேன். அப்பா எதற்கும் அசையவில்லை. "அதே ஃபுட் துரைதாம்ப்பா 1863-ல நம்ம பல்லாவரத்துல ஆதிமனுஷனோட கல் கோடரியைக் கண்டுபிடிச்சார்" என்றதும் நின்றுவிட்டார்.

"பல்லாவரமா? நாம குரோம்பேட்டையில இருந்துக்கிட்டு இது தெரியலையேடா!"

தாடிபத்ரி ஸ்டேஷனில் ரயில் வருகிற நேரம். பையன் அவர் மடியில் தூங்கிவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை உனக்கு லீவுதானே?" என்றார் அப்பா. "பல்லாவரம் போயிட்டு வருவோம். இவனுக்குக் காட்டணும்."