கொழுக்குமலை ஏறிய பழைய ஜீப்... அடிவாரத்தில் நின்ற சொகுசு கார்!

மாமா புது கார் வாங்கிய நாளில் இருந்து அம்மாச்சி ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ‘‘கொழுக்குமலைக்கு என்னைய எப்பக் கூட்டிட்டுப் போவ?’’

அம்மாச்சி போடிக்காரர். அவருடைய அப்பா குரங்கணியில் இருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தே மேலே ஏறி, அங்குள்ள தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் வீட்டு வாசலில் நின்று அந்த மலையை அண்ணாந்து பார்த்திருக்கிறாரே தவிர, ஒருநாளும் மேலே போனதில்லை. இப்போது வயது 76.

‘‘ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியாச்சுல்ல... நானே ஓட்டிட்டுப் போறேன்’’ என்றார் மாமா. அப்படித்தான் கடந்த மாதம் மதுரையில் இருந்து கிளம்பினோம்.

கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில். ஆனால், வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளாவுக்குள் நுழைந்து, இடுக்கி மாவட்டம் சூரியநெல்லி வழியாகத்தான் ஏற வேண்டும். நம் பக்கம் குரங்கணியில் இருந்து இருப்பது நடைபாதை மட்டும்தான்.

போடிமெட்டு வரையிலான கொண்டை ஊசி வளைவுகளில் மாமாவின் கார் வழுக்கிக்கொண்டு போனது போல ஏறியது. குலுங்கவே இல்லை. ‘‘கட்டில்ல படுத்திருக்க மாதிரி இருக்குய்யா’’ என்று அம்மாச்சியே சர்ட்டிஃபிகேட் கொடுத்தார்.

வினை, கடைசி ஒன்றரை கிலோமீட்டரில் காத்திருந்தது.

இருட்டில் ஒரு ‘டப்’ சத்தம்

நாங்கள் தங்க வேண்டிய வீடு, எஸ்டேட்டுக்குள் போகும் கல் பாதையின் முடிவில் இருந்தது. இரவு 7 மணி, நல்ல மூடுபனி. மாமா ஒரு பட்டனைத் தட்டினார். கார் தானாகவே கொஞ்சம் உயர்ந்து நின்றது. இன்னொரு பட்டனில் பாறைப் பாதைக்கான மோடு. மெதுவாகத்தான் போனோம். திடீரென்று ‘டப்’ என்றொரு சத்தம். திரையில் இடது முன் டயரின் காற்றழுத்தம் மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

டார்ச் அடித்துப் பார்த்தால், டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கிழிசல். ஸ்டெப்னியை எடுக்கலாம் என்று பின்கதவைத் திறந்தோம். ஸ்டெப்னியே இல்லை! ஒரு சின்ன காற்றடிக்கும் கம்ப்ரஸரும், பஞ்சர் அடைக்கும் திரவ பாட்டிலும்தான் இருந்தன. திரவத்தை ஏற்றினால், அது கிழிசல் வழியாக நுரையாக வெளியே வந்தது.

போனில் சிக்னல் இல்லை. குளிரில் அம்மாச்சிக்குப் பல் கிட்டியது. என் துப்பட்டாவையும் சேர்த்துப் போர்த்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்போது வந்தது ஒரு பழைய மஹிந்திரா ஜீப். ஓட்டி வந்த அண்ணன் டயரை ஒருமுறை பார்த்தார். ‘‘கல்யாணத்துக்குப் போடுற செருப்பப் போட்டுக்கிட்டு மலையேற வந்துருக்கீங்க சார்’’ என்று சிரித்துக்கொண்டே எங்களை ஏற்றிக்கொண்டார்.

அதிகாலை ஜீப் பாடம்

மறுநாள் அதிகாலை 4 மணிக்கு அதே அண்ணன் வந்து நின்றார். சூரிய உதயம் பார்க்க மேலே போகிறவர்கள் எல்லோரும் இப்படி உள்ளூர் ஜீப்பில்தான் போகிறார்கள். ‘‘ஆத்தாவுக்கு முதுகுவலி, நெஞ்சுவலி ஏதும் உண்டா?’’ என்று கேட்டுவிட்டு, அம்மாச்சியை முன் சீட்டில் உட்கார வைத்தார்.

சுமார் 12 கி.மீ தூரம்தான். போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. காரணம், அங்கே ரோடு என்று எதுவும் இல்லை. கருங்கல் குவியலுக்கு நடுவே ஒரு தடம், அவ்வளவுதான். அண்ணன் ஒவ்வொரு பெரிய கல்லின் மேலும் டயரை நேராக ஏற்றினார். ‘‘கல்ல நடுவுல விட்டா வண்டியோட அடிவயித்துல இடிக்கும் தங்கச்சி. டயர் நெஞ்சு தாங்கும், விலா தாங்காது’’ என்றார்.

அந்த ஒரு வரியில் முழு விஷயமும் இருக்கிறது. தரையில் படும் டயர்ப் பட்டைக்கு அடியில் எஃகுக் கம்பி அடுக்குகள் உண்டு. பக்கவாட்டில் பெரும்பாலும் துணியிழை அடுக்கும் ரப்பரும்தான். பட்டையில் ஆணி குத்தினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கவாட்டில் கிழிந்தால் டயரையே மாற்ற வேண்டியதுதான்.

நம்பரைப் படிக்கத் தெரியுமா?

மாமாவின் கார் எந்த நிறுவனத்துடையது என்பது முக்கியமில்லை. தவறு காரிலும் இல்லை. இன்றைய சொகுசு ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் உண்மையிலேயே கில்லாடிகள். லேண்ட்ரோவர் டிஃபெண்டர், ஏர் சஸ்பென்ஷனை உயர்த்தினால் தரையில் இருந்து 291 மி.மீ இடைவெளியுடன் நிற்கும், 900 மி.மீ ஆழத் தண்ணீரிலும் இறங்கும். மெர்சிடிஸ் ஜி-கிளாஸில் மூன்று டிஃபரன்ஷியல் லாக்குகள் உண்டு. ஆனால், இத்தனை தொழில்நுட்பமும் தரையைத் தொடுவது, உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர் துண்டுகள் வழியாகத்தான்.

டயரின் பக்கவாட்டில் 255/70 ஆர் 18 என்று எழுதியிருந்தால், அதன் அகலம் 255 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவிகிதம், அதாவது சுமார் 178 மி.மீ. ரிம் 18 அங்குலம். இதுவே 275/45 ஆர் 22 என்றால் பக்கச்சுவர் சுமார் 124 மி.மீ மட்டுமே. டிஃபெண்டருக்கு இந்த இரண்டு அளவுகளுமே உண்டு. இரண்டு சக்கரங்களின் மொத்த உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், பெரிய ரிம்மில் ரப்பர் குறைந்து, உலோகம் கூடுகிறது.

பெரிய ரிம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். நெடுஞ்சாலை வளைவில் டயர் அதிகம் நெளியாது, வண்டி பிடித்த பிடியில் நிற்கும். ஆனால், கல் பாதையில் கூரான கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே மெல்லிய ரப்பர் சிக்கினால் கிழிந்துவிடும். எங்களுக்கு நடந்தது அதுதான். மணலில் சிக்காமல் இருக்கக் காற்றைக் குறைப்பார்கள். டயர் தட்டையாகி அதிக இடத்தில் தரையைத் தொடும் என்பதற்காக. அதற்கும் உயரமான பக்கச்சுவர்தான் வசதி.

டயரிலும் வகை உண்டு. ஹெச்.டி தார்ச்சாலைக்கானது. ஏ.டி எல்லாப் பாதைக்குமானது. எம்.டி சேற்றுக்கானது. பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓட்டி, எப்போதாவது மலை, காடு என்று கிளம்பும் குடும்பத்துக்கு ஏ.டி பொருத்தம். சத்தம் கொஞ்சம் கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும். அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

முக்கியமாக, ஸ்டெப்னி. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் ஆகியவை இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்தது. நகரத்தில் அது போதும். மலையில் போதாது. கார் வாங்கும்போது சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்கும் நாம், பின்கதவைத் திறந்து, மற்ற நான்கின் அளவிலேயே ஐந்தாவது சக்கரம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

மேகத்துக்கு மேலே அம்மாச்சி

7,000 அடிக்கும் மேலே ஜீப் நின்றபோது கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது. கீழே மேகம் வெள்ளைக் கடலாகக் கிடந்தது. சூரியன் எழுந்து கொஞ்ச நேரத்தில் மேகம் விலகி, தேனிச் சமவெளி தெரிந்தது. எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அம்மாச்சி மட்டும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

‘‘என்னம்மா பாக்குற?’’ என்றார் மாமா.

‘‘போடி எங்கிட்டு இருக்குன்னு பாக்குறேன். எங்கப்பா இங்கிட்டு இருந்து எங்க வீட்டப் பாத்திருப்பாருல்ல...’’

மாமா எதுவும் பேசவில்லை. அம்மாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

1930-களில் தொடங்கிய பழைய தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்து, சூடாக ஒரு டீ குடித்துவிட்டு இறங்கினோம். மாமாவின் டயர் அளவு மூணாறிலும் கிடைக்கவில்லை, தேனியிலும் கிடைக்கவில்லை. கொச்சியில் இருந்து வர இரண்டு நாள் ஆனது. அந்த ஒரு டயரின் விலை, என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்!

இரண்டு நாளும் மாமா சும்மா இருக்கவில்லை. அந்த வழியாக வந்த ஜீப்பையெல்லாம் நிறுத்தி, குனிந்து டயர் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பிய வாரமே சின்ன ரிம், ஏ.டி டயர் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். நான்கு அல்ல, ஐந்து!