பிடிலோடு கரை சேர்ந்தவன்

ஓரகடம்,
கத்திரி வெயில் நாலாம் நாள்.

மாப்ளே,

வந்து பத்து நாளாச்சு, ஒரு வரி எழுதவில்லை என்று வைதாயாமே, தங்கச்சி சொன்னாள். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் உனக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல் பொறுமை கிடையாது. "சரிடே, வச்சிருதேன்" என்று முடித்துவிடுவாய். இது ஹாக்கி சம்பந்தப்பட்ட சமாச்சாரம். ஆகவே பேரனிடம் தாள் வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். மகன் வீடு ஓரகடம் கூட்ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. வண்டலூர் – வாலாஜாபாத் ரோடும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோடும் வெட்டிக்கொள்கிற இடம். நம்மூர் தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருஷம் கணக்கு எழுதினவனுக்கு, இங்கே கம்பெனி கேட் ஒவ்வொன்றும் கோயில் ராஜகோபுரம் மாதிரி தெரிகிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்த பிறகு ஒன்றன் பின் ஒன்றாக வந்து குவிந்திருக்கிறது: நிசான், டெய்ம்லர் லாரி, அப்போலோ டயர், என்ஃபீல்ட் புல்லட். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளிகளுக்கென்றே 18,720 பேர் தங்குகிற விடுதி, 2024-ல் திறந்தது. நம் பக்கத்தில் பல கிராமங்களைக் கூட்டினாலும் அத்தனை தலை தேறாது. காலை அஞ்சரைக்கு ரோட்டோரம் நின்றால் கம்பெனி பஸ் வரிசை முடிய அரைமணி நேரமாகும். நான் டீ குடித்துக்கொண்டே எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

அந்த டீக்கடையில்தான் ஒரு அண்ணனைப் பிடித்தேன். பக்கத்து கம்பெனி ஒன்றில் கேட் செக்யூரிட்டி. வேலூர்ப் பக்கம், கம்மவான்பேட்டைக்கு அடுத்த ஊர். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு, வீட்டுக்கு ஒருத்தராவது மிலிட்டரிக்குப் போன ஊர். இவரும் ஹவில்தாராக ரிட்டையர் ஆனவர், தரைப்படையில் சப்ளை லாரி டிரைவர். இந்த ரோட்டில் கேட்டுக்கு கேட் நிற்பதில் நிறையப் பேர் எக்ஸ்-சர்வீஸ்மேன்தான். சட்டையைப் பார்த்துத் தெரியாது, நிற்கிற நிலையைப் பார்த்தால் தெரியும்.

அன்றைக்கு ஒரு பீகார்க்கார லாரிப் பையன், இருபது வயசிருக்கும், ஈ-வே பில்லில் வண்டி நம்பர் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்து கேட்டில் மாட்டிக்கொண்டான். டெஸ்பாட்ச் கிளார்க்குக்கு இந்தி வராது, இவனுக்குத் தமிழ் வராது. அண்ணன் நடுவில் போய் நின்று, அவனிடம் இந்தியில் ரெண்டு அதட்டல், கிளார்க்கிடம் தமிழில் ரெண்டு சமாதானம், காகிதத்தை வாங்கி எங்கே யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பையன் போகும்போது காலைத் தொட வந்தான், இவர் தட்டிவிட்டார். "பட்டாளத்துல கத்துக்கினது சார், இப்பதான் சோறு போடுது" என்றார். இந்தி தெரிந்த செக்யூரிட்டிக்கு இங்கே கிராக்கியாம்.

நம் ஊர் எதுவென்று கேட்டார். கோவில்பட்டி என்றதும், "ஹாக்கி ஊரா?" என்றார். கடலைமிட்டாய் ஊர் என்று சொல்லாமல் ஹாக்கி ஊர் என்று சொன்ன முதல் வெளியூர்க்காரர் அவர்தான், மாப்ளே. அதற்காகவே அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். "நான் ஐஸ் மேலயே ஹாக்கி பார்த்தவன்" என்று ஆரம்பித்தார்.

லே பட்டணம், லடாக். மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம். மார்கழி, தை மாசத்தில் ஊர்க் குளம் உறைந்து தளம் போட்ட மாதிரி ஆகிவிடும். ராத்திரியில் தண்ணீர் ஊற்றி விடுவார்களாம், விடிவதற்குள் இன்னொரு படலம் ஏறி வழுவழுவென்று ஆகிவிடும். அதன்மேல் லடாக் ஸ்கவுட்ஸ் ஜவான்கள் ஆடுவார்கள். ஆரம்ப காலத்தில் ஸ்கேட்டுக்கு எங்கே போவது? பழைய பட்டாள பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டை அடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியதாக அவருக்கு மூத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பந்துக்குப் பதில் தட்டையாக ஒரு ரப்பர் வில்லை, அதற்குப் பேர் பக். உருளாது, வழுக்கும். ஆகவே நம் டிரிப்ளிங் அங்கே செல்லாது என்பது என் ஊகம். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

ஸ்கவுட்ஸ் கோல்கீப்பர் ஒருத்தரைப் பற்றித்தான் அண்ணன் அதிகம் பேசினார். குள்ளம், கட்டுமஸ்து, எந்நேரமும் சிரிப்பு. எல்லோரும் அவரை "கோலி" என்றே கூப்பிட்டதால் சொந்தப் பேர் இவருக்கு நினைவில்லை. 1999 ஜனவரிக் குளிரில் ஐஸில் நின்ற அதே ஆள் அதே வருஷம் மே மாசம் கார்கில் மலையில். அண்ணன் அப்போது ஸோஜிலா கணவாய் தாண்டி திராஸ் வழியாக லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மேலே மலையிலிருந்து பாகிஸ்தான் பீரங்கிக்கு ரோடு துல்லியமாகத் தெரியும், ராத்திரியில் லைட் போடாமல் ஓட்ட வேண்டும். "முன்னாடி வண்டி இருக்கா இல்லையான்னு டீசல் வாசனைய வச்சுத்தான் கண்டுபிடிப்போம்." சண்டை முடிந்து அடுத்த குளிருக்குக் குளத்துக்குப் போனபோது அதே கோலி நின்றுகொண்டிருந்தாராம், இடது கையில் ரெண்டு விரல் இல்லாமல். இவர் வாயடைத்து நிற்க, அவர் உறையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாராம். அவ்வளவுதான். அப்புறம் இவருக்கு மாற்றல், அவர் என்ன ஆனார் என்று தெரியாது.

லடாக் ஸ்கவுட்ஸ் என்பது 1963-ல் உருவான படை. கார்கில் சண்டையில் காட்டிய சாமர்த்தியத்துக்காகத்தான் அதற்கு முழு ரெஜிமென்ட் அந்தஸ்து கொடுத்தார்கள். அவர்களில் மேஜர் சோனம் வாங்சுக்குக்கு மகாவீர் சக்கரம். விருது வாங்கியவர் பேர் ஏட்டில் இருக்கிறது. ரெண்டு விரலைக் கொடுத்த கோல்கீப்பர் பேரை அவரோடு டீ குடித்தவராலேயே சொல்ல முடியவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏசி சத்தம் வேறு. போனில் சண்டைக்குப் போன ஐஸ் ஹாக்கிக்காரர்கள் என்று தேடிக்கொண்டே போனேன். கனடாவில் இப்படி எத்தனையோ பேர். அதில் ஒருத்தன் என்னைப் பிடித்துக்கொண்டான். பேர் ஃபிராங்க் ஃப்ரெடரிக்சன். 1895-ல் வின்னிபெக்கில் பிறந்தவன். அப்பா அம்மா ஐஸ்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் பையனுக்கு ஆங்கிலமே தெரியாது, வீட்டில் ஐஸ்லாந்து பாஷைதான். கேட்டில் நின்ற பீகார்ப் பையன் ஞாபகம் எனக்கு வந்தது, உனக்கும் வரும். ஐஸ்லாந்துப் பையன்கள் சேர்ந்து ஃபால்கன்ஸ் என்று ஒரு டீம் கட்டினார்கள். ஊர்ப் பெரிய டீம்கள் அவர்களைத் தங்களோடு சேர்க்கவில்லை. வந்தேறிப் பசங்களோடு யார் ஆடுவது என்ற எண்ணம்.

முதல் உலகப்போர் வந்தது. டீமோடு கிளம்பி 223-ஆம் பட்டாலியனில் சேர்ந்தார்கள். ரெண்டு பேர், தோர்ஸ்டைன்சன், கம்பர்ஸ், திரும்பி வரவே இல்லை. ஃப்ரெடரிக்சன் விமானப்படைக்கு மாறி எகிப்தில் விமானம் ஓட்டப் பழகினான். 1918 மே மாசம் ஐரோப்பாவுக்குத் திரும்பும்போது அவன் ஏறின லீசோ காசில் என்கிற கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மத்திய தரைக்கடலில் தகர்த்துவிட்டது. நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஜப்பான் கப்பல்காரர்கள் இவனைத் தூக்கியபோது உடம்பில் பைஜாமா, கையில் பிடில். பணம், துப்பாக்கி, சர்டிபிகேட் எதையும் எடுக்காமல் பிடிலை எடுத்திருக்கிறான் பார். நீயாக இருந்தால் மட்டையை எடுத்திருப்பாய்.

திரும்பி வந்த ஃபால்கன்களை ஊர் லீக் மறுபடியும் சேர்க்கவில்லை. சண்டைக்குப் போய் வந்தும்! பக்கத்து ஊர்களைச் சேர்த்துத் தனி லீக் நடத்தி ஜெயித்து, அப்புறம் வின்னிபெக்கின் பெரிய டீமை ஜெயித்து, டொரன்டோ போய் நாட்டு சாம்பியன் கோப்பையை வாங்கி, வீட்டுக்குக்கூடத் திரும்பாமல் அப்படியே கப்பல் ஏறினார்கள். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக். ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் நுழைந்ததே அந்த வருஷம்தான், அதுவும் கோடை ஒலிம்பிக்கில். பக்கத்துக்கு ஏழு பேர், மாற்று ஆள் கிடையாது. செக்கோஸ்லோவாகியாவை 15–0, அமெரிக்காவை 2–0, ஸ்வீடனை 12–1. மூணு ஆட்டத்தில் 29 போட்டு ஒன்று வாங்கினார்கள். கேப்டன் ஃப்ரெடரிக்சன். நம் தயான்சந்த் 1928-ல் செய்ததை அவன் எட்டு வருஷம் முன்னால் வேறு தரையில் செய்திருக்கிறான் என்று எழுதினால் உனக்கு ரோஷம் வரும். தயான்சந்தும் பட்டாளத்துக்காரர்தான் என்பதை மறக்காதே, மேஜராக ரிட்டையர் ஆனவர்.

அப்புறமும் அவன் சும்மா இருக்கவில்லை. அதே வருஷம் அப்பா அம்மா பிறந்த ஐஸ்லாந்துக்குப் போய் விமானம் ஓட்டினான். 1925-ல் விக்டோரியா டீமோடு ஸ்டான்லி கோப்பை. பிறகு அமெரிக்காவில் பாஸ்டன், பிட்ஸ்பர்க் டீம்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்தபோது ஐன்ஸ்டைனோடு பழக்கம். ரெண்டு பேருக்கும் பிடில் பித்து. 1979-ல் செத்தபோது வயசு எண்பத்து மூணு. கப்பல் மூழ்கின அந்த ராத்திரி என்ன உடுப்பில் இருந்தான் என்பதுகூட எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது, அவன் மேல் இல்லை, எழுதி வைத்த ஊர் மேல்.

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. ஹரிபால் கௌசிக் பேர் உனக்குத் தெரியும்: 1956 மெல்போர்ன், 1964 டோக்கியோ, ரெண்டிலும் தங்கம். நடுவில் 1962-ல் சீனாக்காரனோடு தவாங் பக்கம் சண்டை போட்டு வீர் சக்கரம் வாங்கியது உனக்குத் தெரியுமா? எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. நாற்பது வருஷம் ஹாக்கி பேசியிருக்கிறோம், ரெண்டு பேரும் வெட்கப்படலாம்.

மறுநாள் காலை இதையெல்லாம் அண்ணனிடம் கொட்டினேன். பிடில் கதைக்கு மட்டும் தலையாட்டினார். மற்றதில் ஆர்வமில்லை. "அந்த ஐஸ் ஆட்டத்துக்கு இப்போ நம்ம ரோட்டுக் கம்பெனியே காசு போடுது, தெரியுமா?" என்று திருப்பினார். விசாரித்தேன், உண்மைதான். வல்லம் வடகாலிலும் ஓரகடத்திலும் பைக் பண்ணுகிற ராயல் என்ஃபீல்ட், 2024 ஜனவரியில் லேயில் தன் பேரிலேயே ஐஸ் ஹாக்கி லீக் நடத்தியிருக்கிறது, பெண்கள் டீமும் சேர்த்து. அவர்கள் 2016-ல் கொண்டுவந்த பைக்குக்குப் பேரே ஹிமாலயன். இந்தக் கத்திரி வெயிலில் தயாராகிற வண்டி, ஸோஜிலா ஏறி அந்தக் குளத்தோரம் போய் நிற்கும். இந்த ரோட்டிலேயே வேலை பார்க்கிற என் மகனுக்கு இது தெரியாது; கேட்டில் நிற்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

"நீங்க இறங்கி ஆடலியா அண்ணே?" என்று கேட்டேன்.

"ஒருவாட்டி ஸ்கேட் கட்டிவிட்டாங்க சார். நாலு அடி. அஞ்சாவது அடியில பின்மண்டை. கோலிதான் வந்து தூக்கிவிட்டான்." டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து, முட்டியை மடக்கி, ரெண்டு கையையும் விரித்து, ரோட்டோரப் புழுதியில் கோல்கீப்பர் மாதிரி நின்று காட்டினார். அறுபது வயசு, யூனிஃபார்ம், கழுத்தில் விசில். டீ குடிக்க நின்ற வடக்கத்திப் பசங்கள் ரெண்டு பேர் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள்.

ஒரு காரியம் செய். பரண்மேல் கிடக்கிற உன் பழைய மட்டையில் ஒன்றை, விரிசல் விட்டதாக இருந்தாலும் பரவாயில்லை, அடுத்த வாரம் வருகிற என் மருமகனிடம் கொடுத்துவிடு. பந்து வேண்டாம். கம்பெனிக்குப் பின்னால் சிமெண்ட் தளம் இருக்கிறது, டயர் ரப்பரில் வில்லை வெட்டித் தருவதாக ஒரு பஞ்சர்க் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். கடலைமிட்டாயும் ரெண்டு பாக்கெட் சேர்த்து அனுப்பு, அண்ணனுக்கு.

உன்,
ரைட் அவுட்.