மரணப் படுக்கையினருகே

மார்ச் 17

பெரியப்பாவுக்கு ஈரல் வியாதி முற்றிவிட்டதென்றும், இனிக் கொடுக்கும் மருந்து வேதனையைத் தணிக்குமேயன்றி உயிரை மீட்காதென்றும் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டாரோ, சுவாமியாரை அழைத்தால் நோயாளி மனமொடிந்துபோவாரென்று அஞ்சி, நினைவு தப்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அன்பினால் விளைந்த அச்சமேயாயினும், இந்தத் தாமதம் ஒரு விசுவாசிக்கு இழைக்கும் அநீதியென்றே என் மனம் சொல்லுகிறது. யாகப்பர் தம் நிருபத்தில் மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசச் சொல்வது வியாதியஸ்தனுக்கேயன்றிப் பிரேதத்துக்கு அன்று. உயிர் ஊசலாடும் கடைசி நாழிகைக்கு மட்டுமே உரிய தேவதிரவிய அனுமானம் அன்று இந்த எண்ணெய் பூசுதல் என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

மார்ச் 18

பெரியம்மாவின் சம்மதத்தோடு பெரியப்பாவிடம் விஷயத்தை மெல்ல எடுத்துச் சொன்னேன். அவர் கலங்கவில்லை. "எனக்குத் தெரியும்லே. நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். அதன்பின் அவர் கேட்டது மருந்தையன்று. வரப்புத் தகராற்றில் நெடுங்காலமாகப் பேச்சுவார்த்தையற்றுப் போயிருந்த சித்தப்பாவை. மாலையில் சித்தப்பா வந்தார். அண்ணனுடைய வீங்கிய பாதங்களைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வரப்பைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மார்ச் 19

இயேசுவும் மரியாளும் அருகிருக்க உயிர் நீத்தவரென்று மரபு கூறுவதால் நன்மரணத்தின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் சூசையப்பரின் திருநாள். வெள்ளைத் துணி விரித்த மேசைமீது பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவர்த்திகள், தீர்த்தம், பஞ்சு ஆகியவற்றைப் பெரியம்மாவே எடுத்து வைத்தார். சுவாமியார் வந்ததும், பாவசங்கீர்த்தனத்துக்காக நாங்கள் திண்ணைக்கு வந்துவிட்டோம். திரும்பிச் சென்றபோது சுவாமியார் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசி, நற்கருணை வழங்கினார். நெடும்பயணம் போகிறவனுக்குக் கட்டுச்சோறு கொடுத்தனுப்புவதுபோல, மரிக்கிறவனுக்கு இந்தக் கடைசி ஆகாரத்தை மறுக்கலாகாதென்று 325ஆம் ஆண்டிலேயே நிசேயா சங்கம் விதித்திருக்கிறது. ஒவ்வொரு செபத்துக்கும் பெரியப்பா தாமே வாய்திறந்து "ஆமென்" சொன்னார்.

மார்ச் 20

மரணத்தை நெருங்கும் கிறிஸ்தவனுக்கு வேண்டியவை, மறைக்கப்படாத உண்மையும், மனிதரோடு சமாதானமும், தேவதிரவிய அனுமானங்களின் ஆறுதலும், செபம் சொல்ல அருகில் சில குரல்களுமேயாம். இவற்றில் ஒன்றேனும் பணத்தால் வாங்கத்தக்கதன்று. எல்லாமே காலம் தாழ்த்தினால் கைநழுவிப் போகத்தக்கவை. ஆகையால், வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் விசுவாசிகளுக்கு நான் சொல்வது இதுவே: அவருக்கு நினைவு தெளிவாயிருக்கும்போதே உண்மையைச் சொல்லுங்கள், பிணங்கியவரை வரவழையுங்கள், சுவாமியாருக்கு இன்றே ஆளனுப்புங்கள்.